கொண்டி போட்ட நார்ப்பெட்டி ஏன் திரும்பி வந்துச்சு: சாயல்குடி கடலோரத்துல ஒரு நிகழ்வு ஆய்வு

சாயல்குடில இருந்து கடல் பக்கம் எறங்குனா வர்ற ஒரு ஊரு, பேரு வேணாம். அங்க பொம்பளைங்க சுயஉதவிக் குழு ஒண்ணு ரொம்ப வருஷமா பனை ஓலையிலயும் நார்லயும் பெட்டி முடையுறாங்க. அவங்களுக்கு வெளியூர் வியாபாரி ஒருத்தர் தீபாவளி கிஃப்ட்டுக்குன்னு ஒரு ஆர்டர் குடுத்தாரு. வழக்கமான கொட்டானோ கடகமோ இல்ல, வெள்ளைக்காரங்க பிக்னிக் போறப்ப தூக்கிட்டுப் போவாங்களே அந்த மாதிரி பெட்டி. மூடி பின்பக்கம் கீல்ல திறக்கணும், முன்னால தங்கக் கலர்ல கொண்டி நாதாங்கி, ரெண்டு பக்கமும் கைப்பிடி. போட்டோவ அனுப்பி, கொண்டி கீல் கைப்பிடி எல்லாத்தையும் அவரே ஒரு மூட்டையா கட்டி அனுப்பிட்டாரு. குழு பின்னிக் குடுத்துச்சு, போச்சு, கொஞ்ச நாள்ல பாதிக்கு மேல திரும்பி வந்துச்சு.

வந்த பெட்டியில மூணு விதமான கோளாறு. கொண்டியில இருந்து கீழ துரு வழிஞ்சு நார்ல செம்மண் கலர் கோடு. ரிவெட்ட சுத்தி மை கொட்டுன மாதிரி கறுப்பு வட்டம். அப்புறம் சிலதுல மூடி கீலோட பிஞ்சு வந்து, பின்னல்ல ஓட்டை. வியாபாரி சொன்னது, நாரை ஈரத்தோட பின்னிட்டீங்க, அதான் இரும்பு கெட்டுப்போச்சுன்னு. குழு சொன்னது, நீங்க அனுப்புன சாமானே மட்டம்னு. மீதிப் பணம் அப்படியே நின்னுபோச்சு.

நான் மண்டபம் பக்கம் படகு சாமான் வேலை பாக்குற பட்டறைக்காரன், ஷாப்ட், கிளாம்பு, வெல்டிங் இதான் பொழப்பு, கூடை பின்ன எனக்குத் தெரியாது. குழுத் தலைவி அக்கா ஒறவுமொறை, "தம்பி, இரும்பு பத்தி உனக்குத்தான தெரியும், யார் மேல தப்புன்னு பாத்துச் சொல்லு"ன்னு ரெண்டு பெட்டிய அனுப்பிவிட்டாங்க. பாத்தவரைக்கும் எனக்குப் பட்டத மொதல்லயே சொல்லிடுறேன்: ரெண்டு பேர் சொன்னதும் பாதி பாதி சரி, ஆனா அசல் கோளாறு ரெண்டுமே இல்ல. கொண்டி, கீல் எல்லாம் பலகைக்குன்னு செஞ்ச சாமான். அத பின்னல்ல கொண்டுபோய் பலகையில அடிக்கிற மாதிரியே அடிச்சிருக்காங்க, அதுவும் உப்புக் காத்துல.

மொதல்ல பெட்டி எப்படி ஆகுதுன்னு தெரியணும். பச்சைப் பனைமட்டைய வெட்டி, ரெண்டு ஓரத்துல இருக்குற கருக்கைச் சீவித் தள்ளிட்டு, மேல் தோலை நீளநீளமா உரிச்சுக் காயப்போடுறாங்க. பின்னுறதுக்கு முன்னாடி தண்ணியில ஊறப்போட்டு, வளையுற பதம் வந்ததும் கத்தியால ஒரே அகலமா வகுந்து எடுத்துப் பின்னுறது. வாய்ப்பக்கம் மட்டைக் கீத்து ரெண்ட உள்ளயும் வெளியவும் வெச்சு, பின்னலை நடுவுல கவ்வவிட்டு, நாராலயே இறுக்கிக் கட்டுறாங்க. அந்த விளிம்புதான் பெட்டிக்கே எலும்பு. மிச்ச சுவரெல்லாம் ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறி எறங்கி நிக்கிற பட்டை, அழுத்துனா நகரும், விட்டா திரும்பி வரும். அது நகர்றதாலதான் பெட்டி உடையாம வருஷக்கணக்கா உழைக்குது.

நம்மூர் மூடிப்பெட்டில கீலே கெடையாது, மூடி பெட்டிக்கு மேல தொப்பி போட்ட மாதிரி எறங்கி உக்காரும், அவ்வளவுதான். குழுவுல ஒரு அப்பத்தா இருக்காங்க, சின்னப்புள்ளைல இருந்து இதே வேலை. கொண்டியப் பாத்துட்டு அவங்க கேட்டது: "பெட்டிக்கு எதுக்குய்யா பூட்டு? களவாங்க வர்றவன் கத்தி கொண்டாரமாட்டானா?" பதில் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னொண்ணும் பாக்கணும், இந்த மாடல் எந்த ஊர்ல இருந்து வந்துச்சோ அங்கயே, இங்கிலாந்துல சாமர்செட் பக்கம் வில்லோ குச்சியில பின்ற பழைய பெட்டியில, மூடிக்கு மெட்டல் கீல் கட்டாயம் இல்ல. வில்லோ குச்சியையே முறுக்கி வளையமா விளிம்பைச் சுத்திக் கோத்து அதையே கீலா வெச்சுக்குவாங்க, முன்னால வளையத்துக்குள்ள ஒரு குச்சியச் சொருகுனா மூடி நிக்கும். இல்லாட்டி தோல்வார். போட்டோவுல பளபளப்பு மட்டும் தெரியும், உள்ள எப்படிக் கட்டிருக்குன்னு தெரியாது, அதான் வெனையே.

சரி, பிரிச்சுப் பாத்தத சொல்றேன். கொண்டியில காந்தம் வெச்சேன், டக்குனு ஒட்டிருச்சு. பித்தளையில காந்தம் ஒட்டாது. அரத்தால ஓரத்துல ரெண்டு இழு இழுத்தா மஞ்சள் போயி வெள்ளை இரும்பு. அதாவது எம்எஸ்ஸுன்னு சொல்ற சாதா இரும்புத் தகடு, மேல பித்தளை முலாம், சில மைக்ரான் கனம் இருக்கும். இதுல ஒரு விஷயம் கடைக்காரங்களுக்கே பல பேருக்குத் தெரியாது. ஜிஐல, அதாவது துத்தநாக முலாம் போட்ட இரும்புல, இருக்குற துத்தநாகம் கீறுனாலும் தான் அரிச்சுப்போயி இரும்பக் காப்பாத்தும். பித்தளை முலாம் நேர் எதிரு. அரிமானத்துக்கு இரும்ப விட பித்தளை தாக்குப்புடிக்கும், அதனால ஒரு சின்னக் கீறல் விழுந்தா உப்பு ஈரத்துல அந்தக் கீறல்ல இருக்குற இரும்புதான் அரிக்கும், சுத்தி இருக்குற பித்தளை அத இன்னும் வேகமா அரிக்க வெக்கும். முலாமே போடாம பெயின்ட் அடிச்சிருந்தாக்கூட இதவிட நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் பாப் ரிவெட். கடையில கெடைக்கிற சாதா ரிவெட்டு வெளிய அலுமினியம், நடுவுல இழுத்து ஒடிக்கிற ஊசி இரும்பு. ஒடிஞ்சப்பறம் ஊசியோட தலை உள்ளயே தங்கிரும். ஒரு ரிவெட்டோட தலைய டிரில் போட்டு எடுத்தேன், உள்ள இருந்து அந்த இரும்புக் குண்டு பழுப்பு மாவோட கீழ விழுந்துச்சு, அது இருந்த குழியச் சுத்தி நார் கறுத்துப்போயி, நகத்தால சுரண்டுனா தூளா வருது. பக்கத்துலயே மூணு பட்டை அறுந்து நிக்குது, ஏன்னா ரிவெட்டுக்கு ஓட்டை போடறப்ப டிரில்லாலயே பட்டைய அறுத்திருக்காங்க. பின்னாடி வாஷரும் இல்ல. கறுப்பு வட்டம் எதனாலன்னா, நார்ல இருக்குற துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்துல சேந்தா கறுப்புதான் வரும். கடுக்காயும் அன்னபேதியும் சேத்து மை காச்சுவாங்கல்ல, அதே சங்கதி. அந்தக் கறை தேச்சா போகாது.

இதுவரைக்கும் பாத்தா வியாபாரி மேல தப்புன்னு முடிச்சிரலாம். ஆனா ஒரு விஷயம் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. திரும்பி வந்த எல்லாத்தையும் அக்கா வீட்டுத் திண்ணையில பரப்பிப் பாத்தப்ப, வெள்ளை நார்ல மட்டும் பின்னுன பெட்டியில துரு கம்மி. ரோஸும் பச்சையும் கலந்து பின்னுன பெட்டியில ரொம்ப மோசம், அதுலயும் கலர்ப் பட்டை மேல உக்காந்த கொண்டிக் கால்தான் மொதல்ல அரிச்சிருக்கு. ஒரே மூட்டைக் கொண்டி, ஒரே ஆளுங்க அடிச்ச ரிவெட்டு, ஒரே கொட்டகை.

சாயம் எப்படிப் போடுறீங்கன்னு கேட்டேன். அண்டாவுல தண்ணியக் கொதிக்கவிட்டு, சாயப் பொடியக் கரைச்சு, கை நெறைய கல்லுப்பு. "உப்புப் போடாட்டி ஒட்டாதுய்யா, வெளுத்துரும்"னாங்க அப்பத்தா. உண்மைதான், சில சாயத்துக்கு உப்பு போட்டாத்தான் நாருக்குள்ள எறங்கும். அப்புறம் அலசுவீங்களான்னா, போர் தண்ணியில ஒரு முக்கு. நம்ம பக்கத்து போர் தண்ணி எப்படி இருக்கும்னு சொல்லவேண்டியதில்ல, அதுவே பாதி உப்பு.

வாயால சொன்னா வியாபாரி நம்பமாட்டாரு, அதனால தெரிஞ்ச கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தரப் புடிச்சேன். பிளஸ் டூ லேப்ல உப்புப் பகுப்பாய்வு பண்ணவங்களுக்கு ஞாபகம் இருக்கும், சில்வர் நைட்ரேட். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி மூணு கிளாஸ்ல ஊத்தி, ஒண்ணுல சாயம் போடாத நாரு, ஒண்ணுல சாய நாரு, ஒண்ணுல வெறும் தண்ணி, ராத்திரி பூரா ஊறவெச்சோம். காலைல ஒவ்வொரு டெஸ்ட் டியூப்லயும் நீர்த்த நைட்ரிக் அமிலம் ரெண்டு சொட்டு, அப்புறம் சில்வர் நைட்ரேட். வெறும் தண்ணி கண்ணாடி மாதிரி நின்னுச்சு. வெள்ளை நார் தண்ணி லேசா மங்குச்சு, போர் தண்ணியில ஊறுன நாரு, அது வரத்தான் செய்யும். சாய நார் தண்ணி ரோஸ் கலர்ல இருந்தாலும் சொட்டு விழுந்ததுமே தயிர் தயிரா வெள்ளை வீழ்படிவு, அடியில கட்டியாவே தங்கிருச்சு. குளோரைடு. அதாவது கடல் காத்து வர்றதுக்கு முன்னாடியே உப்பு பெட்டிக்குள்ள பின்னிக்கிட்டு இருக்கு. அக்கா அந்த டியூபத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம அண்டா இருந்த பக்கம் திரும்பிப் பாத்தாங்க.

உப்பு இருந்தா என்ன, காஞ்சுதான இருக்குன்னு கேப்பீங்க. காயாது. சோத்து உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டுனா தானா தண்ணிய இழுத்துக் கசியும். கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு, அது 33 சதவீதத்துலயே இழுக்க ஆரம்பிச்சிரும். நம்ம கடலோரத்துல விடியக்காலம் 75 தாண்டாத நாள் எது? அதுலயும் மழைக்காலத்துல பின்னி, நல்லாக் காயறதுக்குள்ள பிளாஸ்டிக் கவர் போட்டு ஒட்டி அனுப்பிருக்காங்க. வியாபாரி சொன்ன ஈரம் அது. அந்த அளவுக்கு அவரு சொன்னது சரி.

இந்தக் கரையோட உப்புக் காத்து சாதாரணம் இல்ல. காரைக்குடில இருக்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரின்னு சொல்வாங்க, அவங்க மண்டபத்துலயே தகடுகள வெயில்லயும் காத்துலயும் போட்டு அரிமானத்த அளந்திருக்காங்க. 1914ல திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு வாழ்நாள் பூரா பெயின்ட் அடிக்கிறதே வேலையா இருந்துச்சு, 2022 டிசம்பர்ல ரயில நிப்பாட்டுனாங்க, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல ஸ்டெயின்லஸ் ஸ்டீல் கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயின்ட்னு போயிட்டாங்க. பாலத்துக்கே அந்த நெலமைன்னா அஞ்சு ரூபாக் கொண்டி எம்புட்டு தாங்கும்.

இதையெல்லாம் சொன்னதும் வியாபாரி, பரவால்ல மனுஷன், அசல் பித்தளைல கொண்டியும் கீலும் வாங்கி அனுப்பிட்டாரு, மறுபடி போட்டுக் குடுங்கன்னு. இங்கதான் கேஸு சுவாரசியமாச்சு. பித்தளை வந்துச்சு, ஆனா ரிவெட்டு பழைய அலுமினியமே. பித்தளையும் அலுமினியமும் உப்பு ஈரத்துல சேந்து இருந்தா அலுமினியம் தான் பலி, அதுவும் பெரிய பித்தளைத் தகட்டுக்கு நடுவுல சின்ன அலுமினியக் குமிழுன்னா கேக்கவே வேணாம். சீக்கிரமே ரிவெட்டுத் தலையச் சுத்தி வெள்ளை மாவு பூத்துச்சு, விரலால தட்டுனா தலை கழண்டு வருது. இத நான் எதிர்பாத்தேன், படகுல தெனம் பாக்குறதுதான்.

எதிர்பாக்காதது இன்னொண்ணு. பொருத்தாம சாக்குல கெடந்த புதுக் கீல் சிலது வெடிச்சிருந்துச்சு. துரு இல்ல, தேய்மானம் இல்ல, தகட்டச் சுருட்டி குழை பண்ணிருக்குற எடத்துல நீளவாக்குல மயிரிழை மாதிரி விரிசல், லேசா நீலம் பூத்த மாதிரி. கையால மடக்குனா பொட்டுனு ஒடியுது. பித்தளை ஒடியறதுக்கு முன்னாடி வளையணும், இது வளையவே இல்ல. அதே லாட்ல கொஞ்சம் அக்கா வீட்டு பீரோவுல இருந்துச்சு, அது ஒண்ணுகூட வெடிக்கல.

சாக்கு எங்க இருந்துச்சுன்னு போயி பாத்தா, ஆட்டுக் கொட்டகைக்கு ஒட்டுன தடுப்பு, நடுவுல ஓலைத் தட்டி மட்டும். மழைக்கு ஆடெல்லாம் உள்ளயே அடைஞ்சு கெடந்து, உள்ள நுழைஞ்சாலே கண்ணு எரியுது, அம்புட்டு மூத்திர நெடி. அம்மோனியா. பித்தளைக்கு இது பழைய எதிரி. 19ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்காரப் பட்டாளம் நம்ம நாட்டுல துப்பாக்கித் தோட்டாவ மழைக்காலத்துல குதிரை லாயத்துல வெச்சிருக்கு, மழை முடிஞ்சு எடுத்தா பித்தளைக் குப்பி எல்லாம் விரிசல். ஏன்னு ரொம்ப காலம் புரியல, 1921ல மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேரு காரணத்த எழுதுனாங்க: தகட்ட இழுத்து வளைச்சப்ப உள்ள தங்குன இறுக்கமும், குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அம்மோனியாவும், ஈரமும் சேந்தா பித்தளை வெடிக்கும். மூணுல ஒண்ணு இல்லாட்டியும் வெடிக்காது. நமக்கு குதிரைக்குப் பதிலா ஆடு.

உறுதி பண்ண, மூடி போட்ட பாட்டில் ரெண்டுல அமோனியா கொஞ்சம் ஊத்தி, திரவம் படாம நூல்ல கீலத் தொங்கவிட்டோம். ஒண்ணு வந்தபடியே. இன்னொண்ண தெரிஞ்ச பேக்கரி ஓவன்ல, அன்னைக்கு பன்னு ரஸ்க்கு எல்லாம் முடிஞ்சப்பறம், 250 டிகிரில ஒரு மணி நேரத்துக்கு மேல வெச்சு மெதுவா ஆறவிட்டு எடுத்தது. சூடு காட்டுனா உள்ள இருக்குற இறுக்கம் தளரும், பித்தளையோட பலம் பெருசா குறையாது. வந்தபடியே தொங்குனது குழையில வெடிச்சிருச்சு, சூடு காட்டுனது கறுத்துச்சு, அவ்வளவுதான். பேக்கரிக்காரர் இன்னும் என்னை ஒரு மாதிரியாத்தான் பாக்குறாரு.

இனி மூடி பிஞ்ச கதை. இதுக்கு துரு காரணமே இல்ல, புதுசுலயே பிஞ்சதும் இருக்கு. மூடியத் திறந்தா தடுக்க எதுவும் இல்ல, பின்னால சாஞ்சு தொங்குது, புள்ளைங்க அதுமேல கை வெச்சு அழுத்தும். மூடியோட நுனி கீல்ல இருந்து 12 இஞ்ச், கீல் குழைக்கும் ரிவெட்டுக்கும் இடைவெளி அரை இஞ்ச். கடப்பாரை கணக்குதான், நுனியில 1 கிலோ அழுத்துனா ரிவெட்டுல 24 கிலோ இழுக்கும். அத தாங்க வேண்டியது மூணு பட்டை அறுந்த பின்னல். பலகைன்னா ஆணியச் சுத்தி மரம் புடிச்சுக்கும், பின்னல்ல பட்டை விலகி வழி விட்டுரும். கைப்பிடியும் அதே கதை, பெட்டியத் தூக்குன மொத்த கனமும் சுவர்ல ரெண்டு ரிவெட்டுல.

இப்ப என்ன பண்றாங்கன்னா, மொதல்ல பின்பக்கக் கீலையே எடுத்தாச்சு. அப்பத்தாவே வழி சொன்னாங்க, நாரை மூணு புரியா முறுக்கி, பெட்டி விளிம்பையும் மூடி விளிம்பையும் சேத்து எட்டு மாதிரி சுத்தி மூணு எடத்துல கட்டுறது. ஓட்டையும் இல்ல, அறுப்பும் இல்ல, தேஞ்சா வேற நார் போட்டுக் கட்டிக்கலாம். உள்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் முறுக்குக் கயிறு, மூடி நேரா நின்ன எடத்துக்கு மேல சாயாது. கைப்பிடியும் மெட்டல் வேணாம்னு, நார்க்கயிறு அடியச் சுத்தி வந்து ரெண்டு பக்கமும் பிடியா நிக்குது, கனம் அடியிலயே தாங்குது.

முன்னால கொண்டி மட்டும் வியாபாரி விடமாட்டேன்னுட்டாரு, அவருக்கு பளபளப்பு வேணும், வாங்குறவங்க கண்ணுக்கு அதுதான் படுதாம். சரின்னு அதுக்கு சூடு காட்டுன பித்தளை. சுவர்ல அடிக்காம விளிம்புக் கீத்துலயே, பின்னுறப்பவே குத்தூசியால பட்டைய விலக்கி வழி பண்ணி, டிரில் கிட்டயே வரக்கூடாது. ரிவெட்டுக்கு செம்பு ஆணி, பின்னாடி அகலமான செம்பு வாஷர், மீதியக் கத்தரிச்சு சுத்தியால தட்டி மடக்கிர்றது. மரப்படகுல பலகைய பலகையோட சேக்க இதே முறை உலகம் பூரா உண்டு. செம்பும் பித்தளையும் பக்கத்துல பக்கத்துல இருந்தா சண்டை ரொம்பக் கம்மி. மெதுவாத் தட்டணும், ஓங்கி அடிச்சா வாஷர் நாரைக் கடிச்சிரும். ரிசார்ட் மாதிரி கடலை ஒட்டி வெக்கிற பெட்டின்னா ஸ்டெயின்லஸ் ஸ்டீல், அதுலயும் 304 ரகம் போட்டா கொஞ்ச நாள்ல டீ சிந்துன மாதிரி கறை வரும், மாலிப்டினம் கலந்த 316 கேளுங்கன்னு சொல்லிருக்கேன். வெலை கூடத்தான்.

சாயத்துல உப்ப நிப்பாட்டல, நிப்பாட்டுனா கலர் நிக்காது. அலசுறதத்தான் மாத்துனாங்க: போர் தண்ணியில ரெண்டு முறை, கடைசியா காவிரிக் குடிநீர்ல ஒரு முறை. குடிக்கவே பாத்துப் பாத்துப் புடிக்கிற தண்ணிய சாயத்துக்கு ஊத்துறதுல குழுவுக்குள்ளயே சண்டை வந்துச்சு, நியாயமான சண்டை. மழை பெய்யறப்ப டிரம்முல புடிச்சு வெச்சு சமாளிக்கிறாங்க. வாத்தியார் ஒரு சின்ன பாட்டில் சில்வர் நைட்ரேட்டு குடுத்திருக்காரு, கையில பட்டா கறுத்துப்போகும்னு சொல்லித்தான் குடுத்தாரு. கடைசி அலசுன தண்ணியில ஒரு சொட்டு விட்டு, தயிராகாம லேசா மங்குனா போதும்னு நிறுத்திக்கிறாங்க. ஆட்டுக் கொட்டகை அங்கயேதான் இருக்கு, பித்தளைச் சாக்குதான் எடம் மாறிருச்சு.

பணத் தகராறு? கொண்டிக்கான நஷ்டம் வியாபாரி, சாயப் பெட்டி மறுபடி பின்ன வேண்டிய கூலி பாதிப் பாதின்னு பேசி முடிச்சாங்க. பாதிக் கூலி குழு தலையில விழுந்ததுல எனக்கு சம்மதம் இல்ல, போட்டோவ அனுப்பி இத மாதிரியே பண்ணுன்னு சொன்னவரு மாதிரிப் பெட்டி ஒண்ணு பண்ணிப் பாத்து, மழைக்காலம் தாங்குதான்னு தெரிஞ்சுக்கிட்டு ஆர்டர் குடுத்திருக்கணும். அக்கா என்னமோ அடுத்த ஆர்டர் முக்கியம்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த அடுத்த ஆர்டர்ல பாதி, கொண்டியே இல்லாத மூடிப்பெட்டி.